கன்னத்தில் அடித்துக்கொண்டவர்: அறிவுசார் குறைபாடும் பல் நலமும் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் பல் மருத்துவப் பிரிவுக்கு வந்த பரிந்துரைக் கடிதத்தில் இரண்டே வரிகள். “டவுன் சின்ட்ரோம், ஆண், வயது 31. அண்மையில் நடத்தை மாற்றம். பல் பரிசோதனைக்கு ஒத்துழைக்க மாட்டார்.” நடத்தை மாறியதற்கும் பல்லுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் அந்தக் கடிதத்தில் இல்லை. பல் பரிசோதனை கேட்டதே, வீட்டில் வாய் நாற்றம் என்று சொன்னதால்தான். ஏறத்தாழ நான்கு மாதங்களாக அவர் தன் இடது கன்னத்தில் உள்ளங்கையால் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்.

ஒத்த நிலையில் வந்த சிலருடைய விவரங்களை ஒருவருடையதாகச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி இங்கே எழுதியிருக்கிறேன். சிகிச்சை முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும் உள்ளபடியே உள்ளன.

பின்னணி

டவுன் சின்ட்ரோம் என்பது பிறவியிலேயே வரும் குரோமோசோம் மாறுபாடு. அவருக்கு மிதமான அறிவுசார் குறைபாடு. சிறுசிறு சொற்களில் பேசுவார். பேசுவதைவிட அதிகமாகப் புரிந்துகொள்வார். பகல்நேரப் பயிற்சி மையம் ஒன்றில் காகித உறை ஒட்டும் வேலை. பாட்டு என்றால் உயிர். கைபேசியில் தன் புகைப்படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைவிடப் பிடிக்கும். இந்தச் சின்ன விவரம் பின்னால் சிகிச்சைத் திட்டத்தையே திருப்பிவிட்டது.

பிறவியிலேயே இதய அறைகளுக்கு இடையே துளை இருந்து, குழந்தைப் பருவத்தில் அறுவை சிகிச்சையில் மூடப்பட்டிருக்கிறது. கடைசி எக்கோவில் (இதய ஸ்கேன்) கசிவு எதுவும் இல்லை. ஆகவே பல் சிகிச்சைக்கு முன் இதயத்துக்கான தடுப்பு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை; மூடிய இடத்தில் கசிவு மிஞ்சியவர்களுக்கும், அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்கும், செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும், இவர்களைப் போல ஆபத்து அதிகமுள்ள சிலருக்கும்தான் அது வேண்டும். இதயத்தில் தையல் விழுந்தவர் என்றாலே மாத்திரை எழுதும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. தைராய்டு குறைவுக்கு மருந்து எடுக்கிறார். இரவில் பலத்த குறட்டை. வலிப்பு இல்லை, ஈறுகளைப் பொறுத்தவரை அது நல்ல செய்தி. வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் எடுப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடிக்கொண்டு வளரும். 1939-லேயே பதிவான பக்கவிளைவு இது.

மருத்துவ வரலாற்றைவிடக் குடும்ப வரலாறுதான் அதிகம் பேசியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வரை அம்மாதான் அவருக்குப் பல் தேய்த்துவிட்டிருக்கிறார். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தது. மணமாகி வேறு வீட்டில் இருந்த அக்கா குடும்பத்தோடு வந்து இருவரையும் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். சாப்பாடு, குளியல், மாத்திரை, மையத்துக்கு அழைத்துப் போய்வருவது எல்லாம் அக்கா கைக்கு வந்தன. பல் மட்டும் யார் கைக்கும் வரவில்லை. “அவனே தேய்ச்சுக்கறான் டாக்டர், தினமும் பிரஷ்ஷை வாயில வெச்சுக்கிட்டு நிக்கறத நானே பாக்கறேன்” என்றார் அக்கா. நிற்பது உண்மைதான். தூரிகை முன்பற்களில் ஓர் இடத்தில் அசையும், பற்பசையை விழுங்கிவிடுவார், அவ்வளவுதான்.

மாற்றம்

முதலில் உணவில் தெரிந்தது. கடித்து மெல்ல வேண்டியதை ஒதுக்கினார். பிறகு இரவில் எழுந்து உட்கார ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் கன்னத்தில் அடி. மையத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரைத் தள்ளிவிட்டார், பாட்டு நின்றது. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். தைராய்டு அளவு சரியாக இருந்தது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்சைமர் மறதி நோய் மற்றவர்களைவிடப் பல பத்தாண்டுகள் முன்னதாக வரக்கூடும் என்பதால் அந்தக் கோணத்திலும் யோசித்திருக்கிறார்கள். 31 வயதுக்கு அது சீக்கிரம்தான், ஆனாலும் யோசித்தது தவறில்லை. ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்து குறைந்த அளவில் தொடங்கப்பட்டு, பின் கூட்டப்பட்டது. பகலில் தூங்கி வழிந்தார். அடிப்பது மட்டும் குறையவில்லை.

இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானது. விடுபட்டது ஒன்றே ஒன்று: வாயைத் திறந்து பார்ப்பது. உடலில் வரும் எந்த அறிகுறியையும் “அது அந்தக் குறைபாட்டால் வருவது” என்று கணக்கில் எழுதிவிடும் இந்தப் போக்குக்கு, 1982-ல் உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் அவருடன் பணியாற்றியவர்களும் நோயறிதல் மறைப்பு என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார்கள். ஆனால் அவர்கள் காட்டியது உடல் அறிகுறிகளை அல்ல: அறிவுசார் குறைபாடு உள்ளவரின் மனநோய், அந்தக் குறைபாட்டின் நிழலில் காணாமல் போவதைப் பற்றி எழுதினார்கள். இன்று நாங்கள் அன்றாடம் பார்ப்பது உடல்வலி மறைந்துபோவது. பல்வலி அதில் முன்வரிசையில் நிற்கிறது. காதுவலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் ஆகியவையும் அதே வரிசையில் உண்டு.

டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று ஒரு நம்பிக்கை நெடுநாளாக உலவுகிறது. 2000-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு அதைக் கேள்விக்குள்ளாக்கியது. அவர்கள் வலியை மெதுவாக வெளிப்படுத்துகிறார்கள், எந்த இடம் என்று துல்லியமாகக் காட்டச் சிரமப்படுகிறார்கள். வலியே இல்லை என்பதல்ல. நம் நோயாளி வலிக்கிற பக்கத்தைச் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தார். அதைக் காட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

துன்பத்துக்கென்று எல்லோருக்கும் பொதுவான அடையாளப் பட்டியல் கிடையாது. ஒருவர் முணுமுணுப்பார், இன்னொருவர் அசையாமல் போவார், மூன்றாமவர் அதிகமாகச் சிரிப்பார். அவர் நன்றாக இருக்கும்போது எப்படி இருப்பார் என்று தெரிந்தவர்தான் இப்போது சரியில்லை என்று சொல்ல முடியும். டிஸ்டாட் என்ற துன்ப மதிப்பீட்டுக் கருவியின் அடிப்படையே இதுதான்: பராமரிப்பவரிடம் முதலில் நல்ல நாளின் முகம், குரல், உடலசைவு ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், பிறகு கெட்ட நாளின் நிலையை. அக்காவிடம் அப்படிக் கேட்டபோது, எந்த மருத்துவக் குறிப்பிலும் இல்லாத ஒன்று வெளிவந்தது. “ரெண்டு மாசமா ஒரு பக்கமாத்தான் படுக்கறான். தலகாணில ரத்தக் கறை இருக்கு. மூக்குல இருந்து வருதுன்னு நெனச்சேன்.”

குடும்ப மருத்துவருடன் பேசி, சில நாட்கள் நேரம் தவறாமல் பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னோம். எளிமையான, மலிவான சோதனை. வலிமாத்திரை கொடுத்த நாட்களில் நடத்தை தணிந்தால், அது வலியாக இருக்கும் வாய்ப்பு பெரிது. இரண்டாம் இரவிலேயே நன்றாகத் தூங்கினார்.

வாயைப் பார்த்தது எப்படி

முதல் சந்திப்பில் பல் நாற்காலிப் பக்கமே போகவில்லை. கூட்டமில்லாத நேரத்தில் வரச் சொல்லி, அவர் உட்கார்ந்த இடத்திலேயே நானும் உட்கார்ந்தேன். அக்கா வாயைத் திறந்து காட்ட, கண்ணாடியால் அக்காவின் பற்களை எண்ணினேன். கண்ணாடியை அவர் கையில் வாங்கி என் வாயைப் பார்த்தார். சொல்லிக் காட்டிச் செய்வது என்ற இந்த முறை 1959-ல் குழந்தைப் பல் மருத்துவத்துக்காக எழுதப்பட்டது. 31 வயதுக்காரரிடம் அதையே செய்யும்போது குழந்தையிடம் பேசும் குரல் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் குரலை அவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்று ஓர் ஒப்பந்தம். முதல் முறை சும்மா சோதித்துப் பார்க்கத் தூக்கினார், நிறுத்தினேன். பிறகு தூக்கவே இல்லை என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் நிறையத் தூக்கினார். ஒவ்வொரு முறையும் நிறுத்த வேண்டியிருந்தது. பொறுமையைவிட நேர அட்டவணைதான் இதில் பெரிய தடை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று ஓடும் பிரிவில் இப்படி ஒருவரைப் பார்க்க முடியாது. “ஒத்துழைக்க மாட்டார்” என்ற சொல்லுக்குப் பல நேரங்களில் “எங்களுக்கு நேரமில்லை” என்றுதான் பொருள்.

அடுத்தடுத்த வருகைகளில் பார்த்தது இது. கீழ் முன்பற்களின் உட்பக்கம் முழுக்கக் காரை (இறுகிப்போன பல் அழுக்கு). ஈறு கீழிறங்கி, தொட்டாலே ரத்தம். கீழ் நடு வெட்டுப்பற்கள் இரண்டும் நாக்கு பட்டாலே ஆடின. பக்கத்துப் பற்களில் லேசான ஆட்டம். இடது கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை, அதன் பக்கத்து ஈறில் சீழ் வடியும் சிறு துளை. முகவீக்கமோ காய்ச்சலோ இல்லை என்பதால் ஆன்டிபயாட்டிக் கொடுக்கவில்லை. வடிகால் கிடைத்த நாள்பட்ட சீழுக்கு அதனால் பயனில்லை. பல்லைக் கவனிப்பதைத் தள்ளிப்போடத்தான் அது உதவும்.

டவுன் சின்ட்ரோமில் வாய் நோயின் முகமே வேறு. சொத்தை பெரும்பாலும் குறைவு: பற்கள் சிறியவை, இடைவெளி அதிகம், தாமதமாக முளைப்பவை, சில முளைக்காமலே போவதும் உண்டு. ஆனால் ஈறு நோய் இளமையிலேயே தொடங்கி, வேகமாகப் போகும். கீழ் முன்பற்களைத்தான் முதலில் பிடிக்கும். தொற்று உள்ள இடத்துக்கு வெள்ளணுக்கள் நகர்ந்து போகும் திறன் குறைவு, பல்வேர்கள் குட்டை, வாய் திறந்தே இருப்பதால் ஈறு உலர்வது எல்லாம் அதில் சேருகின்றன. அழுக்கின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் விளக்க முடியாத சேதம் இது. ஆகவே “நீங்கள் சரியாகத் தேய்க்கவில்லை” என்று அக்காவிடம் சொல்வது மருத்துவ ரீதியாகவும் பாதி உண்மைதான்.

சொத்தைக்குக் காரணம் மையத்தில் கிடைத்தது. உறை ஒட்டி முடித்தால் ஒரு மிட்டாய். நாளெல்லாம் வேலை, நாளெல்லாம் பரிசு. இங்கே வரலாற்றில் ஒரு கசப்பான குறிப்பைச் சொல்லாமல் போக முடியவில்லை. உணவுக்கு இடையில் பல்லில் ஒட்டும் இனிப்பு சொத்தையைக் கூட்டும் என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அதற்கு வலுவான சான்றைத் தந்தது ஸ்வீடனின் லுண்ட் நகரில் விபெஹோல்ம் மருத்துவமனையில் 1940களின் பிற்பாதியில் நடந்த ஆய்வு. அங்கே வாழ்ந்த, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒட்டும் தன்மையுள்ள டாஃபிகளைக் கொடுத்துச் சொத்தை விழுவதைக் கணக்கெடுத்தார்கள். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 24 வரை. அவர்களில் யாரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை. முடிவுகள் 1954-ல் வெளியாகின. அந்த அறிவால் உலகமெங்கும் குழந்தைகளின் பற்கள் பயனடைந்தன. யாருடைய பற்களைக் கெடுத்து அதைத் தெரிந்துகொண்டோமோ, அவர்களைப் போன்றவர்களுக்குப் பரிசாக இன்னமும் மிட்டாய்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பிடித்துக்கொண்டு செய்யலாமா

அக்கா கேட்டார்: “நாங்க நாலு பேர் புடிச்சுக்கறோம் டாக்டர், அந்தப் பல்ல மட்டும் எடுத்துடுங்க. அவன் படறதப் பாக்க முடியல.” கேட்டதில் கொடுமை எதுவும் இல்லை, நான்கு மாதம் தூங்காதவரின் குரல் அது.

செய்ய முடியாது என்பதில்லை. அப்படிச் செய்திருந்தால் ஒரு பல் போயிருக்கும். அதோடு எங்கள் அறைக்குள் அவர் மறுபடி காலெடுத்து வைப்பதும் போயிருக்கும். ஈறு நோய் வாழ்நாள் முழுக்கக் கூட வரும் நோய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் இங்கே வந்தாக வேண்டும். நாளைக்கு வாய் திறப்பதை விலையாகக் கொடுத்து இன்றைக்கு ஒரு பல்லை எடுப்பது மோசமான பேரம். உயிருக்கு ஆபத்தான வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் பேச்சே வேறு. இங்கே வலிமாத்திரை வேலை செய்தது. முழு மயக்கத்துக்கு ஏற்பாடு செய்ய அவகாசம் இருந்தது.

2006-ல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு, சட்டத்தின் முன் எல்லோரையும் போலத் தகுதியுடையவராக அவர்களை ஏற்கச் சொல்கிறது. 25-வது பிரிவு, தகவலறிந்த சம்மதத்தின் பேரில், மற்றவர்களுக்குத் தரும் அதே தரத்தில் சிகிச்சை தரச் சொல்கிறது. நடைமுறையில் அது இப்படி ஆகிறது: கையொப்பம் அக்காவுடையதாக இருக்கலாம், ஆனாலும் கேள்வியை நோயாளியிடமும் கேட்க வேண்டும், பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

திட்டம்

எக்ஸ்ரே எடுக்க முடியவில்லை. தலையைச் சுற்றிக் கருவி நகரத் தொடங்கியதும் வெளியே வந்துவிட்டார். ஆகவே படம், நோயறிதல், சிகிச்சை மூன்றும் ஒரே மயக்கத்தின் கீழ் நடக்க வேண்டிய நிலை. இந்த ஏற்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. அவர் மயங்கிக் கிடக்கும்போது படத்தைப் பார்த்து முடிவெடுப்பவர் ஒரே ஒருவர், நேரமோ ஓடிக்கொண்டிருக்கும், “மறுபடி மயக்கம் கொடுக்கிற நிலை வரக்கூடாது” என்ற பயம் கையைத் தள்ளும். சந்தேகத்துக்குரிய பல் எல்லாம் பிடுங்கப்படும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் அடைத்த பற்கள் குறைவாகவும் எடுத்த பற்கள் அதிகமாகவும் இருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் பதிவு செய்வதற்கு இது ஒரு காரணம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அறிவுசார், வளர்ச்சிக் குறைபாடுகள் உள்ள 4,732 பெரியவர்களைப் பற்றி 2012-ல் வெளியான ஆய்வில், 32.2 சதவீதத்தினருக்குச் சிகிச்சை பெறாத சொத்தை, 80.3 சதவீதத்தினருக்கு எலும்பு வரை போன ஈறு நோய், 10.9 சதவீதத்தினருக்கு ஒரு பல்கூட இல்லை. இவர்கள் இவர்களுக்கென்றே இயங்கும் பல் மருத்துவ மையங்களில் சிகிச்சை பெற்றவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே மயக்கத்துக்கு முன்பே “இப்படி இருந்தால் இது, அப்படி இருந்தால் அது” என்று கிளைகளாகப் பேசி எழுதி வைத்தோம். கடைவாய்ப் பல்லில் அதிகம் விவாதிக்கவில்லை. வேர் சிகிச்சை செய்து மேலே கிரௌன் (பல்லுறை) போட்டாலும், சுற்றியுள்ள எலும்பு போயிருந்தால் நிற்காது. படத்தில் அப்படித் தெரிந்தால் எடுத்துவிடுவது.

முன்பற்களில்தான் தகராறு. என் சக மருத்துவர் ஒருவருடைய வாதம்: ஆடும் இரண்டையும் எடுத்துவிட்டு இடத்தைக் காலியாக விடுங்கள், சுத்தம் செய்ய எளிது, மூச்சுக்குழலில் போய்ச் சிக்க எதுவும் இருக்காது. கழற்றி மாட்டும் பல்செட் வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து; இவரைப் போன்றவர்கள் அதை விழுங்கிவிடும் ஆபத்து உண்மையானது. அவர் வாதத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை, நோயாளியிடம் கேட்கும் வரை. கைபேசியில் அவருடைய சிரிக்கும் புகைப்படத்தைக் காட்டி, முன்பற்கள் இரண்டையும் விரலால் மறைத்துக் காட்டினேன். விரலைத் தள்ளிவிட்டார். மறுபடி மறைத்தேன், மறுபடி தள்ளிவிட்டு, “பல்லு. எனக்கு” என்றார்.

கீழ்த்தாடை சற்று முன்தள்ளியிருப்பதால் அவர் சிரித்தால் தெரிவது கீழ்ப்பற்கள்தான். திட்டம் மாறியது. ஆடும் இரண்டையும் எடுத்து, வேரை நறுக்கிவிட்டு, அவருடைய பற்களின் மேற்பகுதியையே மெல்லிய கண்ணாடி இழைப் பட்டையால் இருபக்கப் பற்களோடும் கோரைப்பற்களோடும் சேர்த்து ஒட்டுவது. இடைத் தூரிகை நுழையும்படி கீழே இடைவெளி விட வேண்டும். வாரம் ஒருமுறை அக்கா விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் அன்றே வர வேண்டும். சக மருத்துவர் இதை ஏற்கவில்லை, இன்றுவரை.

மயக்க மருந்தின் கீழ்

இது விரைவாகச் சொல்லக்கூடிய பகுதி. மயக்க முகமூடியை முன்கூட்டியே வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, பாட்டுப் போட்டு முகத்தில் வைத்துப் பழக்கச் சொன்னோம். குறட்டையும் தூக்கத்தில் மூச்சடைப்பும் இருக்கலாம் என்பதால் முன்னதாகத் தூக்க மருந்து எதுவும் பலமாகக் கொடுக்கவில்லை. இரவு கண்காணிப்பில் வைத்தோம். டவுன் சின்ட்ரோமில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே தளர்வு இருக்கக்கூடும் என்பதால் தலையைப் பின்னால் வளைக்காமல் நேராகவே வைத்திருந்தோம். பல் மருத்துவர்கள் வசதிக்காகத் தலையைச் சாய்க்கும் பழக்கம் கைகளில் ஊறியது. மயக்க மருத்துவர் பக்கத்தில் நின்று அதைத் தடுத்துக்கொண்டே இருந்தார்.

படத்தில் கடைவாய்ப் பல்லைச் சுற்றி எலும்பு இல்லை, எடுத்தோம். முன்பற்களில் திட்டமிட்டபடி நடந்தது. மேல்பற்களில் இரண்டு சிறு சொத்தைகளைக் கிளாஸ் அயனோமர் என்ற பல் அடைப்புப் பொருளால் அடைத்தோம். வேர்ப்பரப்பு வரை காரை நீக்கி, 22,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளூரைடு வார்னிஷ் பூசினோம். அதே மயக்கத்தில் ரத்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, காது மருத்துவரை அழைத்து இரு காதுகளிலும் அடைத்திருந்த மெழுகையும் எடுக்கச் செய்தோம். ஒருவருக்கு முழு மயக்கம் கொடுக்கிறோம் என்றால், விழித்திருக்கும்போது செய்ய முடியாத மற்றவற்றையும் அன்றே முடித்துவிட வேண்டும். இதற்கு இரண்டு தொலைபேசி அழைப்புகள் போதும், ஆனால் அந்த அழைப்புகளைச் செய்யும் வழக்கம் அரிது.

துலக்குவது யார்

ஆறு மாதம் கழித்து வாய் எப்படி இருக்கும் என்பதை அறுவை அரங்கு தீர்மானிக்காது. ஒவ்வொரு இரவும் இரண்டு நிமிடம் யாருடைய கை அவர் வாயில் இருக்கும் என்பதுதான் தீர்மானிக்கும். இந்த நிகழ்வில் எங்கள் நேரம் அதிகம் செலவானது இங்கேதான்.

அக்காவின் தயக்கத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டியிருந்தது. “அம்மா கைன்னா வேற. அவன் இப்ப பெரிய ஆளு. நான் வாயில கை வெச்சா முகத்தத் திருப்பிக்கறான். எனக்கும் ஒரு மாதிரி இருக்கு.” வயதுவந்த ஒருவரின் வாய் அவருடைய அந்தரங்கம். அதில் இன்னொருவர் கை நுழைவதை அவர் எதிர்ப்பது ஆரோக்கியமான எதிர்ப்பு. அவரை மீறாமல் எப்படிச் செய்வது என்பதுதான் கேள்வி.

முதலில் அவரே தேய்ப்பார். அது அவருடைய முறை. பிறகு அக்கா “முடித்துவிடுவார்”. நின்றுகொண்டு கழுவுதொட்டிமேல் குனிவதை விட்டுவிட்டு, கண்ணாடி முன் நாற்காலியில் உட்கார வைத்து, அக்கா பின்னால் நின்று, அவர் தலையைத் தன் உடலோடு சாய்த்துக்கொண்டு செய்வது. முகத்துக்கு நேராக வரும் கையைவிடப் பின்னாலிருந்து வரும் கை குறைவாகவே மிரட்டுகிறது. கண்ணாடியில் எல்லாமே அவருக்குத் தெரியவும் செய்கிறது. பாட்டில் ஒரு சரணம் முடியும் வரை மேல்வரிசை, அடுத்த சரணம் கீழ்வரிசை. பாட்டு நின்றால் கை நிற்க வேண்டும். இந்த விதியை அக்கா ஒருநாளும் மீறக்கூடாது என்று சொன்னோம். பல் பாதி தேய்த்த நிலையில் இருந்தாலும் சரி.

மின்தூரிகையைக் கொடுத்துப் பார்த்தோம், அதிர்வு பிடிக்காமல் வீசிவிட்டார். மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் தேய்க்கும் மூன்றுதலைத் தூரிகை ஒத்துப்போனது. ஒரு இழுப்பில் உள், வெளி, மேல் மூன்றும் படும். நுரைதான் குமட்டலுக்குப் பாதிக் காரணம் என்று தெரிந்ததும் நுரை குறைந்த பற்பசைக்கு மாறி, மிகச் சிறிய அளவு தடவச் சொன்னோம். தேய்த்த பின் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். அவருக்குக் கொப்பளிக்கத் தெரியாதது இங்கே வசதியாகவே போனது. தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியைத் தூரிகையில் தொட்டுத் தடவினோம். நீண்டநாள் போனால் பல்லில் கறை படியும், சுவையும் கெடும்.

இந்த முறைகளில் எது சிறந்தது என்று ஆராய்ச்சி அறுதியிட்டுச் சொல்வதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019-ஆம் ஆண்டுத் திறனாய்வு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் வாய்ச் சுத்தத்துக்கான முயற்சிகளைப் பற்றி 34 ஆய்வுகளை எடுத்துப் பார்த்து, சான்றுகள் பெரும்பாலும் தரம் குறைந்தவை என்றுதான் சொன்னது. பராமரிப்பவருக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்களுடைய அறிவு கூடுகிறது. அந்த அறிவு நோயாளியின் ஈறு வரை போய்ச் சேர்கிறதா என்பது அவ்வளவு தெளிவில்லை. என் அனுபவத்தில், துண்டுப்பிரசுரம் கொடுத்துப் பயனில்லை. அக்காவின் கையைப் பிடித்துத் தூரிகையின் கோணத்தைக் காட்டியது பயன்பட்டது. அம்மாவையும் ஒருமுறை அழைத்து வரச் சொன்னோம். வலது கை அசையாவிட்டாலும், அவன் எந்த இடத்தில் கூசுவான், எப்போது வாயை மூடுவான் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவர் இடது கையால் காட்டக் காட்ட, அக்கா தேய்த்தார்.

மையத்தில் மிட்டாய்க்குப் பதில் பாட்டுப் போட்டுக் கேட்கும் நேரம் பரிசானது. ஒத்துக்கொள்ள வைக்கச் சிரமம் இருந்தது. மற்றவர்களுக்கு மிட்டாய், இவருக்கு மட்டும் பாட்டு என்றால் அது தண்டனையாகிவிடும். கடைசியில் எல்லோருக்குமே மாற்றினார்கள்.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

வாய்நலம் வாழ்க்கையைத் தொடும் விதத்தை அளக்க 1997-ல் வந்த, 14 கேள்விகள் கொண்ட ஓஹிப்-14 வினாநிரல் உலகெங்கும் புழங்குகிறது. சங்கடம், எரிச்சல், தூக்கம் என்று நோயாளி தன் நிலையைத் தானே மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். இவரால் அது முடியாது; அக்கா சார்பில் நிரப்பினால் அக்காவின் களைப்பும் அதில் கலந்துவிடும். அதனால் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஷாலாக் என்ற ஆய்வாளர் வகுத்த எட்டுத் துறைகளைக் கேள்விகளாக்கிக்கொண்டோம்: உடல்நலம், மனநலம், உறவுகள், பொருள் வசதி, தன்வளர்ச்சி, தன் முடிவைத் தானே எடுப்பது, சமூகத்தோடு கலந்திருப்பது, உரிமைகள். எண் கொடுக்கவில்லை, முன்பு எப்படி, இப்போது எப்படி என்று மட்டும் எழுதினோம்.

கன்னத்தில் அடிப்பது முதல் வாரத்துக்குள் நின்றது. தூக்கம் திரும்பியது. ரிஸ்பெரிடோனை மனநல மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். மென்று சாப்பிட ஆரம்பித்தார், வலது பக்கமாக. நாங்கள் எதிர்பார்க்காதது மையத்திலிருந்து வந்தது. வாய் நாற்றத்தால் அவரைக் கடைசி மேசையில் தனியாக உட்கார வைத்திருந்தார்களாம். யாரும் இதை அதுவரை சொல்லவில்லை, அக்காவுக்கே தெரியாது. பக்கத்தில் இருந்தவரைத் தள்ளியதாகச் சொன்னார்களே, அது அந்த மாற்றத்துக்குப் பிறகு நடந்தது. இப்போது பழைய இடத்தில் உட்காருகிறார். ஈறுப்பையின் ஆழத்தை மில்லிமீட்டரில் குறிக்கும் எங்கள் அட்டையில் இதற்குக் கட்டம் இல்லை.

மாறாதவையும் உண்டு. குறட்டை அப்படியே, தூக்கப் பரிசோதனைக்குப் பரிந்துரைத்திருக்கிறோம். எச்சில் வடிவது அப்படியே. எக்ஸ்ரே அறைக்கு இன்னும் வர மாட்டேன் என்கிறார். ஆறாம் மாதத்தில் ஈறில் ரத்தக்கசிவு வெகுவாகக் குறைந்திருந்தது. ஓராண்டில் மறுபடி கொஞ்சம் ஏறியிருந்தது. அக்கா தன் பிள்ளையின் உடல்நலக் குறைவால் சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். அந்த வாரங்களில் யாரும் தேய்த்துவிடவில்லை. வலது கீழ் முன்கடைவாய்ப் பல்லின் வேர்ப்பகுதியில் புதிய சொத்தை ஒன்று. அதற்கு மயக்கம் தேவைப்படவில்லை: 38 சதவீத வெள்ளி டயமீன் ஃபுளூரைடை நாற்காலியில், விழித்திருக்கும்போதே, ஒரு நிமிடம் தொட்டு வைத்தோம். சொத்தை கறுத்து இறுகும். துளைப்பான் வேண்டாம், ஊசி வேண்டாம். 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் ஏறிய மருந்து இது. முன்பல்லாக இருந்திருந்தால் அந்தக் கறுப்பை அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். ஒட்டிய பற்கள் இன்னும் நிற்கின்றன. ஓர் இடத்தில் பிசின் உடைந்து மீண்டும் ஒட்ட வேண்டியிருந்தது.

ஓராண்டுச் சந்திப்புக்குப் பிறகு ஒரு பக்கத்தில் வாய்ப் பராமரிப்புக் குறிப்பு ஒன்றை எழுதி, வீட்டிலும் மையத்திலும் வைக்கச் சொன்னோம். அதில் இருப்பவை: உட்கார வேண்டிய நிலை, எந்தப் பாட்டு, எந்தத் தூரிகை, கை தூக்கினால் நிறுத்துவது, கீழ்ப்பல்லின் உட்பக்கத்தைக் கடைசியில் தொடுவது, நன்றாக இருக்கும் நாளில் அவர் எப்படி இருப்பார், கன்னத்தில் கை போனால் யாரை அழைப்பது. மையத்தில் ஒரு பணியாளர் அக்காவோடு நின்று பழகி வருகிறார். வெளிப்பக்கம் அவர் கைக்கு வந்துவிட்டது. உட்பக்கத்துக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த மூன்று மாதச் சந்திப்புக்கு அக்காவோடு அந்தப் பணியாளரையும் வரச் சொல்லியிருக்கிறோம்.